கோபமாக எடுக்கச் சொன்ன படம்

ஒடுகத்தூரில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒடுங்கிய கன்னம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. எதைச் சொல்வதற்கு முன்னும் முந்தானையால் ஒருமுறை வாயைத் துடைத்துக்கொள்வார்.

"எங்க வூட்டுக்காரரு திருப்பூர் போய் ரெண்டு வருசம் ஆவுது. வர்றதே இல்ல. ஊருக்காரரு ஒருத்தர் அங்க போறாரு. அவருகிட்ட என் போட்டோவக் குடுத்து அனுப்பணுங்க," என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து கேமராவை முறைத்தார்.

"கொஞ்சம் சிரிங்கம்மா."

"வேணாங்க. நான் கோவமா கீறேன்னு அவருக்குத் தெரியணும்."

முறைத்தபடியே ஒரு படம் எடுத்தேன். அதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். அதையும் எடுத்தேன். அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக வந்திருந்ததால் அதையே பிரிண்ட் போட்டேன்.

"இதுல கோவமே இல்லியே?" என்றார்.

"இதுதாம்மா அழகா இருக்கு," என்று கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வாங்கிக்கொண்டு ஓடினார்.

சில மாதம் கழித்து அவரைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். வீட்டுக்காரர் வந்தாரா என்று கேட்டேன்.

"போட்டோவப் பாத்துட்டு, 'நல்லாத்தானே கீறா'ன்னு சொன்னாராம். வரலீங்க."

"வாங்கம்மா, வேற படம் எடுத்துத் தர்றேன்," என்றேன்.

"இப்ப இன்னாத்துக்குங்க? அந்தக் கோவமும் போய்டுச்சு," என்று சொல்லிவிட்டு மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறினார்.

அவர் என்னை இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.