லேபிள் வெட்டிய பாடங்கள்

என்னைத் திருடி என்று சொன்னவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அணிந்திருந்தார். எங்கள் நெருப்பெரிச்சல் ஊரின் உச்சி வெயிலில் நடந்து வந்தும் அந்தச் சட்டை கசங்கவில்லை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். சட்டை நன்றாகத் தைத்திருந்தது. காலர் முனை இரண்டும் ஒரே அளவு.

கல்லூரிக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. கடை என்றால் ஒரு அறைதான், அதுவும் கல்லூரிக்குச் சொந்தம். "பாட்டி, அந்த மெட்டீரியல் ஒண்ணு குடுங்க" என்றார். யாரோ ஒரு பிள்ளையின் அப்பா என்று நினைத்து, சுருள்கம்பி போட்ட கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் காசு எடுக்கவில்லை. நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"இதுல பாதி எங்க பப்ளிஷிங் கம்பெனி புக். யார் உங்களுக்கு பர்மிஷன் குடுத்தாங்க?"

"காலேஜு மேடம் குடுத்தாங்க. அவீங்க பாடம் நடத்தறாங்க, நான் அடிச்சுத் தர்றேனுங்க."

"இதுக்குப் பேர் திருட்டு, பாட்டி."

"நான் உங்களுக்குப் பாட்டி இல்லீங்க. கடைக்காரம்மான்னு கூப்புடுங்க. திருட்டா இல்லையாங்கறதை அப்பறம் பேசிக்கலாம்."

அந்தக் கட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எதிரே உள்ள கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டு. பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள் வாரம் முழுக்கத் தைத்துவிட்டு, ஞாயிறன்று வந்து துணி, சாயம், தரம் என்று படிப்பார்கள். பாடப் புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொன்றும் செங்கல் கனம். நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும், அதுவும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி இருக்கும். அதனால் அந்த ஆசிரியை ஒரு புத்தகத்தில் ஒரு அத்தியாயம், இன்னொன்றில் ஒரு அத்தியாயம் என்று பொறுக்கி எடுத்து என்னிடம் தருவார். அவரைப் பிள்ளைகள் மேடம் என்பார்கள், நானும் அப்படித்தான். நான் நகல் எடுத்துக் கம்பி போடுவேன். அதைத்தான் பிள்ளைகள் மெட்டீரியல் என்பார்கள்.

ஃபோனில் அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்க் கம்பெனி வாசலில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். உள்ளே போகும்போதே ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். காகிதத்தை யாரும் வாங்கி வைப்பதில்லை. டீ நேரத்திலும், வேனில் வீடு திரும்பும்போதும் அவர்கள் படித்தது அந்தத் தாள்களைத்தான்.

முழுப் புத்தகத்தையும் அடித்துத் தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். முழுசாக வேண்டும் என்றால் கடையில் போய் வாங்கு. பாடத்துக்கு வேண்டிய துண்டு என்றால் நான் இருக்கிறேன். இது யாரும் சொல்லிக்கொடுத்த கணக்கு இல்லை, எனக்கு நியாயமாகப் பட்டது.

சட்டைக்காரர் கட்டை மூடவில்லை. பக்கங்களின் மேல் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"புத்தகத்தோட பேர் எங்கே? எழுதினவங்க பேர் எங்கே? எல்லாப் பக்கத்துலயும் மேல இருக்குமே. வெள்ளையா மறைச்சிருக்கீங்க. திருட்டுன்னு தெரிஞ்சுதானே மறைச்சீங்க?"

"மறைச்சது நாந்தானுங்க. திருட்டுன்னு இல்லீங்க."

"பின்னே?"

சொன்னால் அவருக்குப் புரியாது என்று தோன்றியது. சொல்லவில்லை. நாளைக்குக் கல்லூரி முதல்வர் அறைக்கு வரச் சொன்னார். வரும்போது மேடம் கொடுத்த மூலத் தாள்களையும் எடுத்து வர வேண்டுமாம்.

அவர் போனதும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் தையல் லைனில் வேலை செய்கிறவள். அடுத்த ஞாயிறு அவர்களுக்குப் பரீட்சை, அவளுக்கு இன்னும் கட்டு கிடைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"என்ன ஆச்சி, இப்படிச் சொல்லிட்டுப் போறாவ. அந்தத் தாளெல்லாம் அவங்க கையில போயிட்டா நாங்க எதை வச்சுப் படிக்க?"

"போகாது கண்ணு."

"கேஸு போட்டாவன்னா?"

"போடட்டும். நீ போய்ச் சோறு தின்னு."

அன்று அவளிடம் தைரியமாகச் சொன்னேன். ஆனால் ஷட்டரை இறக்கும்போது, இந்த அறை போய்விட்டால் மெஷினை எங்கே கொண்டு வைப்பது என்று யோசிக்காமல் இல்லை.

மறுநாள் மூலத் தாள்களை ஒயர் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். முதல்வர் நாற்காலி போடச் சொன்னார். சட்டைக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், இன்று வேறு சட்டை, அதே மடிப்பு. மேடம் நின்றுகொண்டிருந்தார். அவர் குன்னத்தூர்க்காரர். விவசாய வீட்டில் பிறந்து, படித்து வந்தவர். கூடையை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். தமிழில்தான் இருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும்.

"நானே படிச்சுக் காட்டிடறேன்" என்றார் சட்டைக்காரர்.

"வேண்டாங்க. கையெழுத்து நான்தானே போடோணும். நானே படிச்சுக்கறேன்."

மூன்று பேரும் காத்திருந்தார்கள். விசிறி ஓடியது. நான் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனேன். பதிப்பகத்தின் புத்தகங்களை நகல் எடுத்து விற்றேன் என்று இருந்தது, சரி. மூலத் தாள்களை ஒப்படைக்கிறேன், இனி இதைச் செய்யமாட்டேன் என்று இருந்தது. நடுவில் ஒரு நீண்ட சொல். இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். திருட்டுத்தனமாக.

தாளை மேசையில் வைத்துவிட்டேன்.

மேடம் பேச ஆரம்பித்தார். "சார், வாத்தியார் பாடம் நடத்தறதுக்கு வேண்டியதை நகல் எடுத்துக்கலாம்னு சட்டத்துலயே இருக்குதுங்க. நான் எடுத்தது ஒரு புத்தகத்துல ஒரு அத்தியாயம். முழுப் புத்தகம் எதுவும் இல்லீங்க."

"அது உங்க வாதம். அப்படியே வச்சுக்கலாம் மேடம். பாடத்துக்குன்னு நல்ல எண்ணத்தோட எடுத்தவங்க பேரை ஏன் மறைக்கணும்?"

சட்டைக்காரர் முந்தின நாள் என் கடையிலிருந்து கொண்டுபோன கட்டை மேடத்திடம் நீட்டினார். மேடம் பாடம் நடத்துவது தம்மிடம் உள்ள புத்தகங்களை வைத்து. நான் போட்ட கட்டை அவர் அதுவரை விரித்துப் பார்த்ததில்லை. புரட்டினார். முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னாடி ஒரு தாள் வெச்சுக் குடுத்திருந்தேனே, புத்தகப் பேரு, எழுதுனவங்க பேரெல்லாம் போட்டது. அதெல்லாம் எங்கீங்க?"

"எடுத்துட்டேனுங்க. மேல இருந்ததையும் வெள்ளைப் பட்டை வெச்சு மறைச்சுட்டேன்."

"எதுக்குங்க?"

"லேபிளுங்க அது. வெட்டோணுமல்ல?"

முதல்வர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் குடும்பத்துக்கும் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் உண்டு. "அட, சர்ப்ளஸ்ஸுக்கு வெட்டற மாதிரிங்களா?"

"ஆமாங்க. வேறெப்படி வெட்டுவாங்க?"

சட்டைக்காரருக்கு முதல்வர்தான் விளக்கினார். வெளிநாட்டு ஆர்டரில் மிஞ்சிப்போகும் துணியை உள்ளூரில் விற்பார்கள். அதற்கு முன் கழுத்தில் இருக்கும் கம்பெனி லேபிளை வெட்டிவிட வேண்டும். லேபிளோடு விற்றால் அடுத்தவன் பேரை வைத்துப் பிழைக்கிறோம் என்று ஆகிவிடும். கண் நன்றாக இருந்த காலம் முழுக்க நான் லேபிள் வெட்டும் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் நூல் வெட்டும் கத்தரி, முன்னால் மலை மாதிரி டிஷர்ட். ஒரு லேபிள் தப்பிப் போனாலும் அன்றைக்கு முதலாளி வாயில் நாங்கள்தான். பேரை வெட்டினால் நேர்மை, வெட்டாவிட்டால் களவு, அப்படித்தான் என் கை பழகியிருந்தது. ஜெராக்ஸ் கடை வைத்தபோது கை அதைத்தான் செய்தது. யாரும் கேட்கவில்லை, நானாகவே அக்கறையாகச் செய்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் பட்டை வைப்பது லேசான வேலையா?

மேடம் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அம்மா, துணிக்கு அது சரிங்க. புத்தகத்துக்கு அப்படியே நேர்மாறு. எழுதுனவங்க பேரை எடுத்தாத்தான் தப்பு. பேரைப் போட்டு, பாடத்துக்கு இவ்வளவுதான் எடுத்தோம்னா, நம்ம யாருக்கும் பயப்பட வேண்டியதில்லீங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் பட்டை வைத்து அடித்தது எல்லாம் கோணல் வேலை. எங்கள் மேசையில் இப்படி ஒரு லாட் போயிருந்தால் நானே கத்தியிருப்பேன்.

"தப்புன்னா திருத்திக் குடுக்கறேனுங்க" என்றேன். "இந்தத் தாளுல கையெழுத்துப் போடமாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றார் சட்டைக்காரர்.

"ஒண்ணில்லீங்க. தையல் கோணலாப் போனா பிரிச்சுத் தைக்க ரீவொர்க்குக்குப் போகும். போலீசுக்குப் போகாது."

முதல்வர் இந்த முறை சிரிக்கவில்லை. அவருக்குக் கல்லூரிப் பேர் பத்திரிகையில் வரக்கூடாது. குரலைத் தாழ்த்தினார். "அம்மா, பெருசாக்க வேண்டாமுங்க. அந்த ரூமும் காலேஜோடது. ஒரு கையெழுத்துத்தானுங்களே."

அறை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

"பூட்டிக்குங்க சாமி. மெஷின் என்னுது. ரோட்டோரம் ஒரு தார்ப்பாய் கட்டி அடிச்சுக்குவேன். நான் பேரை வெட்டுனது நம்ம ஊருத் தொழில்ல படிச்சது. அதை அறியாமன்னு எழுதுங்க, போடறேன். திருட்டுன்னு எழுதுனா என் கை போடாதுங்க."

"அறியாமன்னெல்லாம் மாத்த முடியாது. கம்பெனி டிராஃப்ட் இது" என்றார் சட்டைக்காரர். பிறகு என் மடியைப் பார்த்தார். "அந்தக் கூடையையாவது குடுங்க."

நான் கூடையின் காதை இறுக்கிப் பிடித்தேன். எனக்கு வயசாகிவிட்டது, பிடுங்கினால் தடுக்க முடியாது. ஆனால் பிடுங்கட்டும் என்று இருந்தேன். மடிப்புக் கலைய எட்டிப் பிடுங்குகிற சட்டை இல்லை அது, அவர் அசையவில்லை.

மேடம் மேசைக்கு வந்தார். அந்தத் தாளை எடுத்து முதல்வர் முன்னால் வைத்தார்.

"சார், இதுல அம்மா பேரை அடிச்சுட்டு என் பேரைப் போடச் சொல்லுங்க. எந்தப் பக்கம் வேணும்னு பொறுக்குனது நானு, அடிக்கச் சொன்னதும் நானு. நோட்டீஸ் எனக்கு அனுப்பட்டும். சட்டத்தைப் பக்கத்துல வெச்சுட்டே பதில் எழுதறேன்."

அவர் வேலை நிரந்தரமானது இல்லை. அது எனக்குத் தெரியும், முதல்வருக்கும் தெரியும். சட்டைக்காரருக்குத் தெரியாது. அவர் மேடத்தைப் பார்த்தார், முதல்வரைப் பார்த்தார். கடைக்காரியிடம் கையெழுத்து வாங்க வந்த மனுஷர், வாத்தியாரிடம் வாதம் பண்ண வரவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"லீகலா வரும்" என்றார்.

"வரட்டுங்க" என்றேன். "தமிழ்லயே அனுப்புங்க."

முதல்வர் சாவியை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் நன்றி சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ரீவொர்க். பழைய கட்டு வைத்திருந்தவர்கள் எல்லோரும் கொண்டு வரச் சொல்லி மேடம் தகவல் அனுப்பினார். வேலை முடிந்த கையோடு, தலையில் பஞ்சுத் தூசியுடன் வந்தார்கள். கம்பியைக் கழற்றி, ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் அதனதன் பேர்த் தாளை வைத்து, மறுபடி கம்பி போட வேண்டும். புதிதாக அடித்ததில் பட்டை வைக்கவில்லை, பேர் தானாகவே பக்கத்தின் தலையில் வந்து உட்கார்ந்தது. இங்கிலீஷ் எனக்குக் கோடும் வளைவும்தான். எந்தத் தாள் எந்தப் பாடத்துக்கு என்று திருநெல்வேலிப் பெண்தான் பிரித்துக் கொடுத்தாள்.

"ஆச்சி, போன தடவை அசைன்மெண்டுல எந்தப் புத்தகத்துல இருந்து எடுத்தன்னு கேட்டாவ. எழுதத் தெரியாம முழிச்சேன். ஒங்க வேலைதானா அது?"

"என்ற வேலைதான். பேசாம ஓட்டையைப் பாத்துக் கம்பியைக் கோரு."

"திட்டுதியளே, மார்க்கு போனது எனக்குல்லா?"

பரீட்சைக்கு முன்னால் எல்லோர் கைக்கும் கட்டு போய்விட்டது. அவளுக்கு நான் முதலில் கொடுத்தேன்.

நோட்டீஸ் இன்னும் வரவில்லை. மேடத்துக்கும் வரவில்லை. வராது என்று நான் நினைக்கவில்லை. வரும்போது வரட்டும்.

கடை வாசலில் இப்போது ஒரு கம்பி கட்டியிருக்கிறேன். கட்டுகளில் எந்தெந்தப் புத்தகத்திலிருந்து பாடம் இருக்கிறதோ, அந்தந்தப் பேர்த் தாளை ரோட்டைப் பார்த்துக் கிளிப்பில் மாட்டியிருக்கிறேன். சட்டைக்காரர் கம்பெனிப் பேர் உள்ளதுதான் முதல் கிளிப்பில் ஆடுகிறது.

போன வாரம் நடுத்தர வயசில் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். கையில் கனமான ஒரு இங்கிலீஷ் புத்தகம், புத்தம் புதுசு.

"இதை முழுசா அடிச்சுத் தருவீங்களாம்மா? பில் வேணும்."

"எந்த காலேஜுங்க?"

"பையனுக்கு. சும்மா படிக்கறதுக்கு."

வெயில் அன்றும் கொளுத்தியது. அவர் சட்டையைப் பார்த்தேன். முழுக்கை, மடிப்பு கலையவில்லை.

"முழுசா அடிக்கறதில்லீங்க" என்றேன். "இருக்கற புத்தகத்தை எதுக்கு அடிக்கோணும்? பையனுக்கு இதையே குடுங்க. அப்பறம் உங்களை அனுப்புனவர்கிட்டச் சொல்லீருங்க, அவீங்க கம்பெனிப் பேரு வெளியில முதல்லயே தொங்குதுன்னு. திரும்பிப் போறப்பப் படிச்சுட்டே போங்க."