கடைசியாக நடந்து வருபவர்

வளைகுடாவில், ருவைஸில் எங்கள் பிளாண்டின் சேஃப்டி ஆபீசர் ஓர் அமெரிக்கர். நரைத்த மீசை, வெயிலில் சிவந்த கழுத்து. தீ விபத்து ஒத்திகையான ஃபயர் டிரில்லில் எல்லோரும் வெளியே கூடும் அசெம்பிளி பாயிண்டுக்குப் போன பிறகே அவர் கடைசியாக நடந்து வருவார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"அமெரிக்கா தனிநாடான காலத்தில் என் முன்னோர் ஒருவர் ஊர்ப்படைக்குக் கேப்டன். ஆட்களை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவாராம். பிறகு அசெம்பிளிக்கும் போனார்" என்றார்.

பக்கத்தில் நின்ற ஸ்டோர் கீப்பர், கீழக்கரை பாய், என்னிடம் தமிழில் கேட்டார்: "அப்பவே ஃபயர் டிரில் இருந்துச்சா?"

மொழிபெயர்த்ததும் அமெரிக்கர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அது சட்டசபை! கேப்டனைக்கூட அன்றைக்கு ஆட்களே கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள்."

சொன்னவர், எல்லோரையும் வெளியேற்றிவிட்டுக் கடைசியில் வரவேண்டிய, காலியாயிருந்த ஃபயர் வார்டன் பொறுப்புக்கு யார் வேண்டும் என்று எங்களையே கேட்டுவிட்டார். எல்லாக் கைகளும் பாய்க்காக உயர்ந்தன. பாயும் தூக்கினார்.

"என்ன பாய், உங்களுக்கே ஓட்டா?"

"இங்க வந்து இருபது வருசமா ஓட்டே போடல தம்பி. கிடைச்சா விடுவேனா?"

அடுத்த டிரில்லில் கடைசியாக வந்தவர் பாய். அவருக்கு முன்னால், சொன்ன பேச்சுக் கேட்கும் சிப்பாய்போல, அமெரிக்கர் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.