விளக்கு வைத்த பிறகு சொல்லக் கூடாத பெயர்

இப்போது இருக்கும் ஹெப்பகோடி வீட்டுக்குப் பெருக்கும் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. தட்டு மாதிரி வட்டமாக, தானே ஊர்ந்து, நாற்காலிக் காலில் முட்டித் திரும்பிப் போகும். போன வாரம் நான் விளக்கேற்றிய கையோடு அது கிளம்பிவிட்டது. அம்மா பதறுவாள் என்று பார்த்தேன். சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பெருக்கட்டும் வுடு. வயித்துக்குள்ளதான வெச்சிக்குது, காலைல கொட்டிக்கலாம்" என்றாள்.

நான் சிறுமியாக இருந்தபோது, நீலசந்திரா ஏரியாவின் ஒற்றை அறை வீட்டில் எங்களுக்கு இருந்தது தொடப்பக்கட்டை; பக்கத்து வீட்டு ஜெயம்மா அக்காவுக்கு அது கன்னடத்தில் பொரக்கெ. பெருக்குவது அதன் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். நான் பேனாவைத் தொலைத்தாலும், அப்பா லேட்டாக வந்தாலும் அம்மா அது சாத்தியிருக்கும் கதவுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்து, "தொடப்பக்கட்ட பிஞ்சிடும்" என்பாள். ஒருநாளும் பிய்ந்ததில்லை. விளக்கு வைத்த பிறகு மட்டும் அந்தப் பெயரை வாயில் எடுக்க மாட்டாள், லட்சுமி கோபித்துக்கொள்வாளாம். அதனால் என் சேட்டைகளை எல்லாம் ஆறரை மணிக்கு மேல்தான் வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அம்மா ஜெயம்மா அக்காவின் கம்மலை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்தாள். கழற்றும்போது ஒரு திருகாணி விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. தலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பார்த்து, "பெருக்கி மூலைல ஒதுக்கி வெய்யிடி, காலைல கொட்டலாம்" என்றாள். இருட்டியபின் குப்பையை வெளியே தள்ளினால் வீட்டுச் செல்வமும் கூடவே போய்விடும். ஆனால் மூலைக்கு ஐந்து எட்டு, வாசலுக்கு இரண்டே எட்டு. அக்கா வீட்டு டிவியில் பாட்டு வேறு ஆரம்பித்துவிட்டது. சாக்கடையில் தள்ளிவிட்டு ஓடினேன்.

காலையில் திருகாணியைக் காணோம். "குப்பைலதான இருக்கும்" என்று நிதானமாக மூலைக்குப் போன அம்மா திகைத்து நின்றாள்.

"எலி இழுத்துனு போயிருக்கும்மா" என்றேன்.

ஒரு வாரம் எலிப்பொறி வைத்தாள். தன் சின்னத் தோட்டின் திருகாணியைப் போட்டுக் கம்மலைத் திருப்பிக் கொடுத்தாள். காது தூர்ந்துவிடக் கூடாதே என்று வாசல் பெருக்கும் தென்னந்துடைப்பத்தில் ஈர்க்குச்சி ஒடித்துச் செருகிக்கொண்டாள். அந்தக் குச்சியோடு இரண்டு தீபாவளி போயிற்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வேன். எலியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன வாரம், இயந்திரம் சோபாவைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அன்று குப்பையைச் சாக்கடையில் தள்ளியதைச் சொல்லிவிட்டேன். அம்மா காதைத் தடவினாள். பழக்கத்தில் கதவுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே சார்ஜர் வயர்தான் கிடந்தது.

"எலியாம் எலி" என்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் மேலே எதுவும் சொல்லவில்லை.

காலையில் திட்டுவாள் என்று காபியோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். காபியைக் குடித்தாள். வீட்டில் இல்லாததைச் சொல்லி யாரை மிரட்டுவது.