வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. தீபாவளி சீசன் முடிந்து சிவகாசியில் கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்த வாரம். பட்டாசுக்கு அட்டைப்பெட்டி போடுகிற எங்கள் சின்னக் கம்பெனிக்கும் அப்போதுதான் ஓய்வு. தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு காலத்தில் கப்பல் வந்துபோன பழைய ஊர் ஒன்றில், கடலைப் பார்த்த வீடு விலைக்கு வந்திருந்தது. சுனாமிக்குப் பிறகு கடலோர வீடுகளை விற்க ஆள் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. வருடத்தில் நாலு நாளாவது வெடிமருந்து வாடை இல்லாத இடத்தில் போய்க் கிடக்க வேண்டும் என்று கணவரை நச்சரித்து, பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்ப வைத்தவள் நான்தான்.

நான் காரியாபட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி சிவகாசிக்கு வந்து பல வருடம் ஆகியும், கோபம் வந்தால் "உங்க ஊரு, உங்க ஊருப் பழக்கம்" என்றுதான் பேசுவேன். என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் வாசல் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் கதவோரமாகத்தான் உட்காருவார். பந்திக்கு முந்த இடம் பிடித்தாயிற்றா என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார். இடத்தை மட்டும் மாற்ற மாட்டார்.

அந்த வீட்டைப் பார்த்ததும் என் மனசு அங்கேயே தங்கிவிட்டது. ஒரு முழ அகலத்துக்குச் சுண்ணாம்புச் சுவர். பர்மா தேக்கில் பூவேலை செய்த முன்கதவு. கூடத்து ஜன்னலைத் திறந்தால் கடல். வீட்டுக்காரர் எதிர்வீட்டில் குடியிருந்தார். "ரெண்டு நாள் தங்கிப் பாத்துட்டே சொல்லுங்க அண்ணாச்சி" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷர்.

இவர் வழக்கம்போல வீட்டைச் சுற்றி வந்தார். கடல் பக்கம் ஒரு சின்னக் கதவு இருந்தது, ஆனால் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். இதைத் திறக்க வேண்டுமே என்றார்.

"வாடைக்காத்துல மணலு பூரா உள்ள வந்துரும் அண்ணாச்சி. எங்க ஐயா காலத்துல அடிச்ச பலகை. அதான் முன்வாசல் இருக்குல்லா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒத்த வாசல் வீட்டுல நமக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு, அவரிடமே சுத்தியலை இரவல் கேட்டார் என் கணவர்.

எனக்கு மானம் போயிற்று. "இன்னும் வாங்காத வீட்டப் போயி ஒடைக்கிறீகளே, உங்க ஊருலதான் இப்படி நடக்கும்" என்று அவர் காதோரம் கடித்தேன். கேட்டால்தானே. பலகையைப் பெயர்த்து எடுத்து, துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் விட்டு, கதவைத் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் சட்டையைக் கழற்றினார். சாயங்காலம் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் சொன்ன மாதிரியே இடுக்கு வழியாக மணல் உள்ளே வந்தது. கூட்டினேன், திரும்ப வந்தது. இரவு எதிர்வீட்டிலிருந்து வந்த சோற்றில் மணல் கடித்தது. அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

விடிந்தும் மழை விடவில்லை. பேசாமல் இருந்தேனே தவிர, மனசுக்குள் அந்த வீட்டை வாங்கியாயிற்று. புது வீட்டில் பால் காய்ச்சுகிற நினைப்போடு முதல் வேலையாகப் பாலை அடுப்பில் வைத்தேன். முன்வாசலை ஒட்டித்தான் அடுப்படி. வீட்டுக்காரர் விட்டுவைத்திருந்த பழைய கேஸ் அடுப்பின் குழாயில் வெடிப்பு இருந்தது எனக்குத் தெரியாது. குச்சியை உரசினேன். அடுப்பில் பற்ற வேண்டிய தீ கீழே குழாயில் பற்றி, பக்கத்திலிருந்த ஓலைப்பெட்டிக்குத் தாவியது.

அலறிக்கொண்டு முன்கதவுக்கு ஓடினேன். தாழ்ப்பாளை எடுத்தும் கதவு அசையவில்லை. மழையில் ஊறி, நிலையோடு இறுகிக் கிடந்தது. கதவு உப்பும் என்பதெல்லாம் என்னைப் போல வறண்ட பூமிக்காரிக்கு எங்கே தெரியும்? வளையத்தைப் பிடித்து உயிரைக் கொடுத்து இழுக்கிறேன். முதுகில் அனல் ஏறுகிறது. பிள்ளைகள் எங்கே என்றுகூடத் தோன்றவில்லை.

"ஏ, அத விடு! இங்கன வா, கடப்பக்கம்!"

அவர் முன்கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துக்கு ஒன்றாகப் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு, கடல் பக்கக் கதவைக் காலால் ஒரு தள்ளு. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். நாலு பேரும் மழையில், மணலில் நின்றோம்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்தாரும் ஓடி வந்தார்கள். வெளியிலிருந்து இரண்டு ஆண்கள் தோள் கொடுத்து மோதித்தான் முன்கதவு திறந்தது. ஈரச் சாக்கைப் போட்டு, சிலிண்டரை அடைத்து, தீயை அணைத்தார்கள். அடுப்படிச் சுவர் கரியானதோடு போயிற்று. வீட்டுக்காரர்தான் பேயறைந்த மாதிரி நின்றார்.

பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகும் என் கணவர் அந்த முன்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். அங்கே ஒரு விபத்து நடந்தது, தான் வெளியே நின்றதால் தப்பித்தேன் என்று ஒரே வரியில் எப்போதோ சொல்லியிருந்தார். நானும் மேற்கொண்டு கேட்டதில்லை. அன்றைக்கு அவராகவே சொன்னார்.

"அங்கயும் கதவு இருந்துச்சு. உள்பக்கமாத் தொறக்குற கதவு. உள்ள இருந்த அம்புட்டுப் பேரும் அது மேல வந்து விழுந்துட்டாக. நான் வெளிய நின்னு தள்ளுனேன். தள்ள முடியல."

எத்தனை வருடமாக அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார் இந்த மனுஷர். நான் பந்திக்கு முந்துகிறார் என்று சிரித்துக்கொண்டிருந்தேன். ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்த வீட்டை வாங்கினோம். தச்சரை வரவழைத்து, கடல் பக்க வாசலை அகலமாக்கி, முன்கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றச் சொன்னேன். "வீட்டுக் கதவ யாராச்சும் வெளிய தொறக்கிற மாதிரி வப்பாகளாக்கா? லெச்சுமி எப்படி உள்ள வருவா?" என்று அந்தத் தச்சர் சிரித்தார்.

"லெச்சுமி எப்படியும் வந்துக்கிருவா. எங்க ஊருல கதவு இப்படித்தான் வப்போம்" என்றேன் நான். என் கணவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போதும் வாடைக்காற்று நாளில் அந்த வீட்டுக்குப் போனால் சோற்றில் மணல் கடிக்கத்தான் செய்கிறது. கடிக்கும்போதெல்லாம், நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.