மீன் கடையில் திறந்த கோப்பு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். அபிராமபுரத்தில் எங்கள் குடியிருப்பின் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பெண், மதியம் மாடியேறி வந்து ஒரு சி.டி.யை நீட்டினாள். நான் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். தமிழ் எழுத்து, கணினி என்றால் தெருவே என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆற்றங்கரையில் இருந்த அவள் வீட்டை அரசாங்கம் இடிக்கப்போகிறது. மாற்று வீடு வேண்டுமென்றால், பதினேழு வருடத்துக்கு முந்தைய கணக்கெடுப்பில் குடும்பத்தின் பெயர் இருக்க வேண்டும். பழைய பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறதாம். ஆனால் ஆயிரக்கணக்கான பெயர்களில் யார் தேடுவது? வரிசை எண்ணைக் கொண்டுவந்தால் பார்ப்போம், நாளை பதினொரு மணிக்குள் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கணக்கெடுப்பு நடந்தபோதே அந்த எண்களோடு சேர்த்து, அவள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தார் ஒரு கடையில் பட்டியல் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். தாளில் இருந்தது வெள்ளத்தோடு போயிற்று. மிச்சம் இந்த சி.டி. மட்டும்தான்.

"அட, இது எனக்கு ஜுஜுபி" என்றேன்.

கோப்பு திறந்தது. எண்கள் பளிச்சென்று தெரிந்தன. பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் டாலர் குறியும் கலந்து கிடந்தன. பழைய தமிழ் எழுத்துருக்கள் இப்படித்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல்தான். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டேன். தமிழ் வந்துவிட்டது. பெருமையாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் மெதுவாகப் படித்துப் பார்த்தாள். "இன்னாக்கா இது, ஒரு பேரு கூட பேரு மாறியே இல்லியே?"

உண்மைதான். தமிழ் எழுத்துகள் இருந்தன, பெயர்கள் இல்லை. எனக்குத் தெரிந்த குறியீட்டு முறைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். பொழுது சாயும்வரை ஒன்றும் பலிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கடைசியில் அவளே சங்கத்து ஆட்களிடம் விசாரித்துவிட்டு வந்தாள். தட்டச்சு செய்த கடையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. அங்கே வேலை செய்த பெண் இப்போது பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாராம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் இருவரும் அங்கே இருந்தோம். மடிக்கணினி என் தோளில். நாற்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்குக் கை முழுக்கச் செதில். அச்செடுத்து வந்த தாளை நானே அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவர் கண்ணைச் சுருக்கினார். வலது கை விரல்கள் மீன் வெட்டும் பலகையின் ஓரத்தில் தாமாக அசைந்தன. அடுத்த நொடி, அந்த அரைப்புள்ளியையும் டாலரையும் பார்த்துப் பார்த்து நாலு பெயர்களைக் கடகடவென்று படித்தார்.

நான் தாளைத் திருப்பி ஒருமுறை பார்த்தேன். அதே கிறுக்கல்தான்.

"நாலு வருசம் இதையே அடிச்சிக்கினு இருந்தேன் மேடம். கண்ணு மறந்தாலும் வெரலு மறக்குமா?" என்றார். "எங்க ஓனரு எழுத்தையெல்லாம் எடம் மாத்தி வெச்சிருந்தாரு. வேற கடைக்கு எட்த்துனு போனா தொறக்கக் கூடாதுன்னு."

அட பாவி மனுஷா! என் கருவிகள் ஏன் தோற்றன என்பது அப்போதுதான் புரிந்தது.

ஐஸ் பெட்டி மேல் மடிக்கணினியை வைத்தேன். அவர் கண்ணை மூடிப் பலகையில் தட்டித் தட்டி, எந்த விசையில் எந்த எழுத்து என்று சொல்லச் சொல்ல, நான் அட்டவணை போட்டேன். நடுவில் ஒருவர் சங்கரா மீன் கேட்டு வந்தார். "கொஞ்சம் இரு நைனா, 'ஞ' எங்க கீதுன்னு தேடிக்கினு கீறேன்" என்றார் அந்த அம்மா. வந்தவர் மீனை மறந்து எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

பழைய முறையில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தைப் பிறகு அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்துதான் முதலில். அதையும் திருப்பிப் போட ஒரு வரி சேர்த்துவிட்டு, சாமியை வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். ஒரே நொடியில் பட்டியல் முழுவதும் பெயர்களாக நின்றது. நான் போட்ட கூச்சலில் மீனுக்குக் காத்திருந்த பூனை ஓடியே போய்விட்டது.

இஸ்திரிப் பெண் கத்தவில்லை. திரையில் ஒரு வரி மேல் விரலை வைத்தாள். "எங்கம்மா பேரு கீதுக்கா."

பத்தரைக்கு அலுவலகத்தில் இருந்தோம். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, அந்த எண்ணில் விரலை நிறுத்தி, அவள் அம்மாவின் பெயரை உரக்கப் படித்தார். "கூட ஒரு மகள், வயது ஒன்பது. அந்த அம்மா எங்கே?"

"அவங்க இப்ப உயிரோட இல்ல சார். அந்த ஒம்போது வயசு நான்தான்" என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். பட்டியலில் இருந்த அவள் சந்துக்காரர்களில் இரண்டு வீடுகளின் எண் மட்டும் பதிவேட்டோடு பொருந்தவில்லை. அவர்கள் இன்னும் அலைகிறார்கள். மற்ற எல்லோருக்கும் மாற்று வீடு கிடைத்தது.

பிறகு ஒருநாள் அந்த மீன்கார அம்மாவிடம், என்னோடு தட்டச்சு வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "போ மேடம், இங்க நான்தான் ஓனரு" என்று சிரித்தார்.

இத்தனை வருடத் தொழிலில் என் தலைக்கனம் ஒரு மீன் பலகையின் முன்னால்தான் இறங்கியது. இப்போதெல்லாம் ஒரு பழைய கோப்பு திறக்க மறுத்தால், எந்த மென்பொருள் என்று முதலில் தேடுவதில்லை. இதை அடித்த விரல்கள் இன்று எங்கே, என்ன வேலை செய்துகொண்டிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.