இரண்டு முகம், நடுவில் ஓர் அம்புக்குறி

கெங்கம்மாள் தன் வாழ்நாளில் மூன்று தடவை போட்டோவுக்கு நின்றாள். கல்யாணத்தன்றே ஒன்று எடுத்திருக்கலாம். மாமியார் வீண்செலவு என்று சொல்லிவிட்டாள். அந்த மூன்றையும் எடுத்தவர் திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த தேவசகாயம். எடுக்கச் சொன்னது, தொழுநோய் ஒழிப்புக்கென்று அப்போது அங்கே நடந்துவந்த ஒரு தொண்டு நிறுவனம்.

முதல் படம் 1983-இல். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புருவம் உதிர்ந்து, காது மடல் தடித்து, நெற்றியும் கன்னமும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தன. புருஷன் வீட்டில் தனித் தட்டு கொடுத்தார்கள், தனிக் குடம் கொடுத்தார்கள், கடைசியில் தனி வழியும் காட்டிவிட்டார்கள். அவளாகவே நடந்து நிறுவனத்தின் வார்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே நாற்காலியில் உட்காரவைத்து முகத்துக்கு நேராக விளக்கைத் திருப்பினார்கள். எதற்கு என்று கேட்டாள். பைலுக்கு என்றார்கள். ஒரு தாளில் கைநாட்டும் வைத்தாள்.

இரண்டாவது படம் மூன்று வருஷம் கழித்து. நோய் போய்விட்டிருந்தது. வீக்கம் வடிந்தது, விரல் பத்தும் பத்திரம். ஆனால் கொடுத்த மருந்துகளில் ஒன்று தோலைக் கறுக்கவைக்கும் வகை. மாநிறமாக வந்தவள், ஒடுங்கிய கன்னத்தோடு கரி நிறத்தில் வெளியே போனாள். பெற்ற தாய் பார்த்தாலும் இரண்டு தடவை பார்க்க வேண்டும். நிறம் மெல்லத் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அந்த அவசரம் இல்லை. யாருக்கும் அடையாளம் தெரியாமல் இருப்பது அப்போதைக்கு வசதியாகவே இருந்தது.

அந்த வசதியை நம்பித்தான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு இறக்கி இட்லிக் கடை போட்டாள். புருஷன் செத்துப்போனான் என்று சொல்லிவைத்திருந்தாள். அவன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு நன்றாகத்தான் இருந்தான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர்களும் மெட்ராஸ் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களும் கடைக்கு வந்தார்கள். லோடுமேன் விருத்தாசலம் தினம் ஆறு இட்லி. அந்த அடுப்பு அணைந்தால் அவளுக்கு வேறு அடுப்பு கிடையாது.

நிறுவனத்தில் கோதண்டபாணி என்றொரு சுகாதாரக் கல்வி அதிகாரி இருந்தார். நோயாளிகளின் கால் புண்ணை உறை போடாமல் வெறும் கையால் கழுவுகிறவர். நல்ல மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மெகாபோனை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் ஊர் ஊராகப் பேசியிருந்தார். பேச்சு தொடங்கியதும் கூட்டம் கலையும். எழுத்து, பேச்சு இரண்டிலும் நம்பிக்கை போய், இனி படம்தான் என்று முடிவு செய்தார். பைலில் இருந்த கெங்கம்மாளின் இரண்டு முகங்களையும் எடுத்துப் பெரிதாக அச்சடித்தார். இடப்பக்கம் நோயோடு, வலப்பக்கம் நோய் போய், நடுவில் தடித்த சிவப்பு அம்புக்குறி. கீழே, தொழுநோய் முழுதாகக் குணமாகும் என்று ஒரு வரி. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம், தெரிந்தவர்களுக்கு வரி என்பது அவர் ஏற்பாடு. தெரிந்தவர்களும் படத்தைத்தான் பார்த்தார்கள்.

படத்தில் ஜனங்கள் கண்டது இரண்டு பெண்களை. வீங்கிய முகத்து மாநிறத்தவள் ஒருத்தி, ஒட்டிய முகத்துக் கறுத்தவள் ஒருத்தி. இரண்டும் ஒருத்தியே என்று நினைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அம்புக்குறியோ எல்லோருக்கும் தெரிந்தது; பஸ் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுவது. ஆக, பெருநோய் இவளிடமிருந்து அவளுக்குப் போகிறது. இன்னும் முகத்தில் தெரியவில்லை, தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நின்றது. யாரோடு உட்கார்ந்தோம், யார் வீட்டில் தண்ணீர் குடித்தோம் என்று பயந்துபோய் ஆறு மாதத்தில் இருநூறு பேருக்கு மேல் சோதனைக்கு வந்தார்கள். அதில் அறுபது சொச்சம் பேருக்கு நிஜமாகவே ஆரம்ப நிலையில் நோய் இருந்தது. அத்தனை பேருடைய விரலையும் காப்பாற்றியது ஒரு தப்பான புரிதல். ஜனங்கள் அம்புக்குறியை எப்படிப் படிக்கிறார்கள் என்று களப்பணியாளர் ஒருவர் கோதண்டபாணியின் காதில் போட்டுத்தான் பார்த்தார். எப்படிப் படித்தால் என்ன, வருகிறார்களா இல்லையா என்றார் அவர். வந்தார்கள்தான்.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் அந்தப் படத்தை ஒட்டினார்கள். விருத்தாசலம் ஐந்தாவது இட்லியில் பேச்சை எடுத்தான்.

"யக்கா, செவுத்துல உன் படம் ஒட்டியிருக்கறாங்களே. பக்கத்துல இருக்கறது உங்க அக்காவா?"

"எனக்கு அக்கா இல்ல."

"அப்ப யாரு கிட்டேர்ந்து ஒட்டிக்கினு வந்த?"

இதற்குப் பதில் இரண்டுதான். பேசாமல் இருந்தால், நோய் வந்துகொண்டிருக்கிறது என்று ஆகும். அதுவும் நான்தான் என்றால், வந்தே விட்டது என்று ஆகும். உண்மையைச் சொல்வதால் பொய்யைவிட அதிக நஷ்டம் வருகிற இடத்தில் ஒரு இட்லிக்காரி என்ன செய்வாள்? கரண்டியைச் சட்டினி வாளியில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் ஆறாவது இட்லியை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தான். அந்த வாரத்துக்குள், வெளியூரிலிருந்து வந்து சுவரைப் பார்க்க நேரமில்லாதவர்கள் மட்டும்தான் அவளிடம் சாப்பிட்டார்கள்.

அவள் கோதண்டபாணியிடம் போய் நின்றாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கறுப்புக் காகிதத்தை வெட்டி, பஸ் ஸ்டாண்டுப் படத்தில் கண்களுக்கு மேல் ஒட்டச் சொன்னார். கண் மறைந்ததும் போலீஸ் தேடுகிற படம் மாதிரி ஆயிற்று. நோய்க்காரியாக இருந்தவள் திருடியாகவும் ஆனாள். மறுபடியும் போனாள்.

"படத்த எடுக்க வேணாம் சார். நீங்க ஒரு தபா நம்ம கடைக்கு வந்து, நாலு பேரு பாக்க ஒரு இட்லி துன்னுட்டுப் போங்க. அது போதும்."

அவர் மேசையைத் தட்டி எழுந்தார். பதினோரு வருஷமாகத் தனக்குத் தோன்றாமல் போனதே என்று ஆச்சரியப்பட்டார். அதிகாரி கையில் இட்லி, பக்கத்தில் குணமான பெண். இதைவிட நல்ல படம் எது? அவள் கேட்டது சாப்பாடு. அவர் காதில் விழுந்தது படம்.

செவ்வாய்க்கிழமை காலை தேவசகாயத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினார். லோடுமேன்கள், கண்டக்டர்கள், பூக்காரிகள் என்று நாற்பது ஐம்பது பேர் கூடினார்கள். கெங்கம்மாள் குளித்து, வெளுத்த புடவை கட்டி, தலைவாழை இலையில் நான்கு இட்லி வைத்தாள். கோதண்டபாணி கூட்டத்தைப் பார்த்துச் சின்னதாக ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, ஒன்றைப் பிய்த்துச் சட்டினியில் தோய்த்தார்.

"சார், கொஞ்சம் வாயத் தொறந்தாப்ல அப்பிடியே நில்லுங்க," என்றார் தேவசகாயம்.

அப்படியே நின்றார். பிளாஷ் அடிக்கவில்லை. இன்னொரு தடவை. வெளிச்சம் பத்தவில்லை. மூன்றாம் தடவை நன்றாக வந்தது. கோதண்டபாணி வாயை மூடினார். இட்லித் துண்டு விரலில்தான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை என்பதை அந்தக் கூட்டத்திலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான். படித்ததெல்லாம் தலையில் இருந்தது, தொண்டைக்கு இறங்கவில்லை. துண்டை இலையில் வைத்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"காலையிலயே வீட்ல ஆயிடிச்சும்மா. வயிறும் கொஞ்சம் சரியில்ல."

ஜீப் போன பிறகு விருத்தாசலம் பக்கத்திலிருந்தவனிடம் நிதானமாகச் சொன்னான்.

"ஆபீசரே துன்னல. நமக்கு இன்னா தலையெழுத்து?"

அதோடு திண்டிவனத்தில் கடை முடிந்தது. சுவரில் இருந்த படம் ஒரு சந்தேகத்தை உண்டாக்கியது. நேரில் பார்த்தது அதை முடிவு செய்துவிட்டது.

படமோ பிரமாதமாக வந்திருந்தது. அதிகாரியின் வாய் திறந்திருக்கிறது, இட்லி உதட்டைத் தொடுகிறது, பின்னால் கெங்கம்மாள் கை கூப்பி நிற்கிறாள். இரண்டு முகங்களுக்கும் அம்புக்குறிக்கும் கீழே இதைச் சேர்த்துப் புதிதாக அச்சடித்து விழுப்புரம் பொருட்காட்சியில் வைத்தார்கள். ஸ்டாலுக்கு முதல் பரிசும் கிடைத்தது.

அவள் சாமான்களை மூட்டை கட்டி ஒலக்கூருக்குப் போய், பிளாக் ஆபீசுக்கு எதிரே அடுப்பு வைத்தாள். நான்கு மாதம் அமைதியாகப் போயிற்று. அப்புறம் அந்த ஆபீசின் சுவருக்கும் புதுப்படம் வந்து சேர்ந்தது. அவள் சட்டி பானைகளைக் கழுவிக் கவிழ்த்தாள், மறுபடி கிளம்ப வேண்டியதுதான் என்று.

சின்னபொண்ணு என்கிற களையெடுப்பவள் தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

"அது நீ தானம்மா?"

"நாந்தான். மூணுலயும் நாந்தான்."

"ஆபீசரே துன்றாரே. எனக்கு எட்டு குடு."

ஒலக்கூரில் யாரும் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தது படத்தை மட்டும். நடக்காத ஒன்று படத்தில் நடந்துவிட்டிருந்தது. கெங்கம்மாள் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, ஆவி படாமல் பிளாஸ்டிக் தாள் போட்டுக் கடையிலேயே மாட்டினாள். புது ஆட்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு இலையைத் துடைப்பார்கள். மேலே இருக்கும் வீங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை, அதை மட்டும் மடித்துவிடேன் என்று சிலர் சொல்வார்கள். மடித்தால் கீழே அதிகாரி எதற்காக இட்லி தின்கிறார் என்பது தெரியாமல் போகும். ஆகவே தன் பழைய முகத்தை மறைக்காமல் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தாள். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

1989-இல் ஒரு நாள் காலை ஏழரை மணி. பெஞ்சில் ஏழெட்டுப் பேர். அப்போதுதான் ஓர் ஈடு இட்லி வேகவைத்து இறக்கியிருந்தாள். பிளாக் ஆபீஸ் திருப்பத்தில் ஜீப் தெரிந்தது. முன் சீட்டில் கோதண்டபாணி, பின்னால் வெளியூர் டாக்டர்கள் இரண்டு பேர். படம் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அழைத்து வந்திருந்தார். கெங்கம்மாள் இட்லிக் குண்டானை மூடி, மேலே ஈரத்துணியைப் போட்டு, அதன்மேல் அம்மிக் குழவியையும் தூக்கிவைத்தாள்.

கோதண்டபாணிக்குப் படத்தைக் கடையில் பார்த்ததும் முகமெல்லாம் பூரிப்பு. விருந்தாளிகளை உட்காரவைத்தார்.

"கெங்கம்மா, எனக்கும் சேத்து மூணு எல போடு. இன்னிக்கு வெறும் வயித்தோட வந்திருக்கேன்."

இந்தத் தடவை நிஜமாகவே சாப்பிட்டிருப்பாரோ என்னவோ. பெஞ்சில் இருந்தவர்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தாள்.

"தீந்துபோச்சுங்க சார்."

"ஏம்மா, இப்பத்தான ஒரு ஈடு எறக்கின?" என்றான் பெஞ்சில் ஒருவன்.

"மாவு புளிச்சிப்போச்சு. அது மாட்டுக்கு."

கோதண்டபாணி, பரவாயில்லை, பரவாயில்லை என்று இரண்டு தடவை சொன்னார். விருந்தாளிகள் படத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஜீப் கிளம்பியது. வாடிக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. குழவியை இறக்கி, பூப்போல இருந்த நாற்பத்தெட்டு இட்லியையும் பிளாக் ஆபீஸ் வாச்மேன் நடராசனுடைய எருமையின் தொட்டியில் கவிழ்த்தாள். எருமை யோசிக்காமல் தின்றது.