கேப்டன் ஜெய்ராமின் மீசை

நூலின் ஒரு முனை பல்லில் இருக்கும்போதும் மிருதுளாவுக்குப் பேச்சு நிற்காது. நாற்காலியில் சாய்ந்திருப்பவளின் மேலுதட்டில் நூலை ஓட்டிக்கொண்டே காய்கறி விலையில் தொடங்கி எதிர்வீட்டுக் கல்யாணம் வரை சொல்லி முடித்துவிடுவாள். "ஆடாதே. எக்டு வலிக்கும், அவ்ளோதான்" என்பாள். எக்டு என்றால் கொஞ்சம். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குக் கொஞ்சம்.

பெஹாலாவில் வீட்டின் கீழ்த்தளத்திலேயே பார்லர். ஐம்பது தாண்டியவள்; புருவம் மட்டும் இருபத்தைந்தில் நிற்கிறது. தாத்தா காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்காகக் கல்கத்தா வந்த குடும்பம். வங்காளியில் சண்டை போடுவாள், இந்தியில் பேரம் பேசுவாள். தமிழை வீட்டுக்கும், மாதம் ஒருமுறை நியூ டவுனிலிருந்து வரும் சுபிக்ஷாவுக்கும் வைத்திருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பெண்ணான சுபிக்ஷாவுக்கு ஆபீஸ் பக்கத்திலேயே நாலு பார்லர் உண்டு. இவள் வாயைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வண்டி பிடித்து வருகிறாள்.

பார்லர் வாசலில் நின்றால் தெருமுனையில் ஒரு சிமென்ட் சிலை தெரியும். மார்பளவு, நீலத் தொப்பி, அதன் கீழ் நுனி முறுக்கிய கருகருவென்ற மீசை. கேப்டன் ஜெய்ராம், மிருதுளாவின் ஒரே தம்பி. ஐ.நா. அமைதிப் படையோடு ஆப்பிரிக்கா போனவன். அங்கே ஓர் அகதி முகாமுக்குக் காவல் நின்றபோது சுடப்பட்டு, இருபத்தொன்பது வயதில் இறந்தான். நம் தெருப் பையன் என்று பேட்டை கிளப் சிலை வைத்தது. மே இருபத்தொன்பது, அமைதிப் படையினர் நாளன்று, வருஷம் தவறாமல் மைக், மௌனம், மாலை, கடைசியில் ஆளுக்கொரு மிஷ்டி, அதாவது இனிப்பு, பாக்கெட்.

சிலையைத் தம்பி என்று யாராவது சொன்னால் மிருதுளாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"எங்க ஜெய்ராமுக்கு ஏதுடி மீசை? விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தான், வரலை. கல்கத்தா முழுக்க மீசையை எடுக்கறவ நான், எனக்குத் தெரியாதா?" என்று சுபிக்ஷாவிடம் படபடப்பாள். "குமார்துலில சிலை பண்றவர் இருக்காரே, அவருக்குப் போர்வீரன்னா கார்த்திக் சாமிதான் ஞாபகம் வரும். நம்ம முருகன் மழமழன்னு இருப்பார். இவா கார்த்திக்குக்கு மீசை வேணும். அதை எடுத்து இவன் மூஞ்சில ஒட்டிட்டார்."

போதாக்குறைக்கு, கிளப்காரர்கள் வருஷாவருஷம் பெயின்ட் அடிக்கையில் மீசை மட்டும் இன்னும் கொஞ்சம் தடித்தது. முகத்தை மாற்று என்று அவள் கிளப் செயலாளர் சைதன்யாவின் உயிரை வாங்கினாள். அவர் மனிதர் தங்கமானவர்; அவள் வருவது தெரிந்தால் சந்து வழியாகப் போய்விடுவார்.

ஆனால் சிலையைக் கழுவுவது அவளேதான். விழாவுக்கு முந்தின நாள் வாளியும் பிரஷ்ஷும் கொண்டுபோய்க் காக்கை எச்சத்தைச் சுரண்டுவாள். தம்பியை 'அவன்' என்பவள், சிலையிடம் மரியாதை தவறமாட்டாள். "மீசைக்காரரே, கொஞ்சம் குனிஞ்சா என்ன? எனக்கு முதுகு வலிக்கறது" என்று தமிழில் கடிந்துகொள்வாள். மறுநாள் காலை முதல் மாலையை அவள்தான் போடுவாள். முகம் கோணாது, கை நடுங்காது. தெருப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். அவள் அங்கேயே சைதன்யாவைப் பிடித்து, "அடுத்த வருஷமாவது மீசையை எடுங்கள்" என்று வங்காளியில் ஆரம்பித்துவிடுவாள். கல்நெஞ்சுக்காரி என்று அவள் காதுபடவே சொன்னவர்கள் உண்டு.

இந்த வருஷம் சைதன்யா பணிந்துவிட்டார். மிருதுளாவிடமிருந்து நாலைந்து போட்டோக்களை வாங்கிப்போய், வேறொரு சிற்பியிடம் ஃபைபரில் புதுச் சிலை செய்யச் சொன்னார். "விழாவில்தான் திறப்போம், தீதி. அதுவரை வாயைத் திறக்கக் கூடாது" என்று வங்காளியில் கெஞ்சினார். அவள் வெற்றிக் களிப்பில் ஒரு வாரம் வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகப் புருவம் எடுத்துவிட்டாள்.

அன்று காலை நல்ல புழுக்கம். தெருவே கூடியிருந்தது. சுபிக்ஷாவும் லீவு போட்டு வந்து பக்கத்தில் நின்றாள். சைதன்யா துணியை இழுத்தார்.

மீசை இல்லை. மழமழவென்ற உதடு, அதில் பதில் சொல்லத் தயாராக ஒரு பாதிச் சிரிப்பு. இடது புருவம் வலதைவிட ஒரு நூல் உயரம். அந்தப் புருவத்தை நூறு தடவை கேலி செய்தவள் அவள். கூட்டம் கை தட்டியது.

"சரியாக வந்திருக்கிறதா, தீதி?" என்று கேட்ட சைதன்யா, பதிலுக்குக் காத்திராமல் ரஜனிகந்தா மாலையை அவள் கையில் கொடுத்தார்.

மிருதுளா நகரவில்லை. அவள் பேசாமல் நின்றதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

"போடுங்கக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் சுபிக்ஷா மெதுவாக.

"இவனேதான்டி. இத்தனை வருஷமா அந்த மனுஷருக்குப் போட்டேன். யாரோதானேன்னு போட்டேன். இவன் கழுத்துல நான் எப்படி மாலை போடுவேன்?"

சண்டை போட்டுக்கொண்டிருந்தவரை அவளுக்கு ஒரு வசதி இருந்தது. மீசை வைத்தவன் தன் தம்பி இல்லை என்றால், செத்துப்போனவனும் தன் தம்பி இல்லை. அப்படி அவள் ஒருநாளும் சொன்னதில்லை, நினைத்ததுகூட இல்லை. அந்த நிழலில் இத்தனை மே மாதங்களைக் கடத்திவிட்டாள். இப்போது அவனே வந்து நிற்கிறான், இருபத்தொன்பது வயதில், வெயிலில்.

"பழையவர் எங்கே?" என்று வங்காளியில் கேட்டாள்.

சைதன்யா திகைத்தார். "கிளப் ரூமில், கேரம் போர்டு பக்கத்தில். ஏன் தீதி?"

மைக்கில் அவள் பெயரை அழைத்தார்கள். அவள் மாலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிளப் அறைக்குள் போனாள். சுபிக்ஷா பின்னாலேயே ஓடினாள்.

சிலையைச் சுவரைப் பார்க்க வைத்திருந்தார்கள். சிமென்ட் கனம். மிருதுளா தோளைக் கொடுத்து, மூச்சு வாங்க, அதைத் தன் பக்கம் திருப்பினாள். நீலத் தொப்பியின் தூசியை முந்தானையால் துடைத்தாள். தரையில் முழங்காலிட்டு மாலையைப் போட்டாள். பிறகு மீசை நுனியில் சிக்கிய பூவை இதழ் உதிராமல் விடுவித்து, மாலையை இரண்டு தோளிலும் சமமாக இறக்கிவிட்டாள்.